புதிய மேலாளர்களுக்கான எட்டு வாரப் பயிற்சி: ஒத்திகைக்காகவே சேரலாம்

மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த எனக்குக் குழுவை நடத்தும் பொறுப்பு வந்ததும் அலுவலகம் இந்த இணையவழிப் பயிற்சியில் சேர்த்துவிட்டது. என் மதிப்பீட்டில் பாதிப் பாடங்கள் சுமார். மீதிப் பாதி மிக அருமை.

அருமை என்று நான் சொல்வது ஒத்திகை வகுப்புகளை. நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரிடம் இன்று வேலைக் குறையை எப்படிச் சொல்வது? பயிற்றுநர் அந்த நண்பராக நடிக்கிறார். நாம் பேச வேண்டும். உடன் பயின்ற ஒருவர், "உங்களுக்குப் பொறுப்பு போதவில்லை" என்று தொடங்கினார். பயிற்றுநர் அங்கேயே நிறுத்தி, சூழல், செயல், விளைவு என்ற வரிசையில் மறுபடி சொல்ல வைத்தார். "செவ்வாய்க்கிழமை வெளியீட்டுக்குச் சோதனை முடிவுகள் நேரத்துக்கு வரவில்லை. வாடிக்கையாளர் பிரிவினர் இரவுவரை காத்திருந்தார்கள். என்ன நடந்தது?" இப்போது எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது, முன்பு தன்னைத் தற்காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் வாய்க்கு வருவதற்குப் பேசிப் பழகத்தான் வேண்டும்.

வேலையை ஒப்படைப்பது பற்றிய வகுப்பும் நன்று. என்ன முடிவு வேண்டும், எப்போதைக்குள், இடையில் எந்தக் கட்டத்தில் பார்ப்போம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, செய்யும் வழியை அவரிடமே விட வேண்டும். நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது எவ்வளவு கடினம் என்று பயிற்றுநருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கூகுள் 2008இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வில், நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளில் தொழில்நுட்பத் திறன் கடைசியாக வந்தது. குழுவினரை நன்றாகப் பயிற்றுவிப்பதே முதலிடம் பெற்றது. அதைக் காட்டி, "இனி நிரலைத் தொடாதீர்கள்" என்றார்கள். கடைசி என்றாலும் அது அந்த எட்டுக்குள் இருக்கிறதே! அவசர வேலைகளை நாமே எடுத்துக்கொள்வதை நிறுத்தலாம். மற்றவர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வதை ஏன் விட வேண்டும்? குழு எங்கே திணறுகிறது என்று எனக்கு முதலில் தெரியவருவது அங்கேதான்.

ஆளுமை வினாத்தாளுக்கு ஒரு முழு வகுப்பு வீண். ஆள் தேர்வு, சம்பள உயர்வுப் பேச்சு இரண்டுக்கும் இடமே இல்லை. இவை பெரிய குறைகள்.

பதவி கிடைப்பதற்கு முன்பே சேர வேண்டாம். உங்கள் பொறுப்பில் ஆட்கள் வந்த பிறகு சேர்ந்தால், நாளை நடத்த வேண்டிய உரையாடலையே ஒத்திகைக்குக் கொண்டுபோகலாம். சேரும்முன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கூட்டம் அதிகமானால் பேச உங்கள் முறை வராது.