பழையபேட்டையில் ஒரு மீன்கொத்தி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெயர்ப் பலகையே இல்லாத ஒரு பழைய சாமான் கடை, வாசலில் பித்தளை அண்டாவும் ஓடாத சுவர்க் கடிகாரமும் கிடக்கும். அங்கே பறவைப் படம் கிடைக்கிறது என்று நண்பன் சொன்னபோது காலண்டர் படமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கடைக்கார அண்ணன் டிரங்குப் பெட்டியிலிருந்து வேட்டித் துணியில் சுற்றிய ஒரு தாள் கட்டை எடுத்துப் பிரித்தார். பெங்களூரில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம், பைண்டிங் போன புத்தகத்தின் தாள்கள்.

மேலே இருந்த மீன்கொத்தியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 1850களில் இங்கிலாந்தில் மோரிஸ் என்ற பாதிரியார் எழுதிய பிரிட்டிஷ் பறவைகள் புத்தகத்துப் படம். ஃபாசெட் என்பவர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்க, தாள் தாளாக ஆட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் தீட்டினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இந்தக் காலத்து ஆஃப்செட் அச்சு என்றால் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும், இதில் நீலம் ஒரே பூச்சு, வால் பக்கம் மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வழிந்திருந்தது. அந்த வழிசலுக்காகவே வாங்கலாம். நம்ம கேஆர்பி டேமில் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே சின்ன மீன்கொத்திதான்!

அந்தத் தாள் கட்டுக்குள் இருந்த ஆந்தை படம் மட்டும் முழுக்கப் புள்ளி, ஆஃப்செட் அச்சுதான். லென்ஸை அவரிடமே கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இது நூறு ரூபா" என்றார். ஏமாற்றுகிறவர் இல்லை, அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். மீன்கொத்திக்கு 1,800 சொல்லி 1,400க்கு இறங்கினார், கொண்டலாத்திப் பறவையின் படம் ஒன்று 1,200. பறவை ஆய்வாளர் ஜெர்டான் 1843 முதல் 1847 வரை மெட்ராஸில் வெளியிட்ட 50 இந்தியப் பறவைப் படங்களில் ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டதற்கு, "வந்தா உங்களுக்கு ஏன் தம்பி விக்கிறேன்" என்று சிரித்தார்.

ஆனால் ஃபிரேம் மட்டும் அங்கே போடாதீர்கள். கொண்டலாத்தியை நம்பிக் கொடுத்தேன். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டு, முதுகு முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிக் கொடுத்தார்கள், இனி அதைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிட்டிருந்தால் போதும். கேட்டதற்கு, "ஆடாம நிக்கணும்ல" என்கிறார். நல்ல மனுஷன், சண்டை போடவும் மனசு வரவில்லை.

ஞாயிறு மதியம் வரைதான் திறந்திருக்கும், லென்ஸ் எடுத்துப் போங்கள். மீன்கொத்தி இப்போதைக்கு வெயில் படாமல் என் பீரோவில்.