வெற்றிலைச் செல்லத்துக்குள் ஒரு வாட் மீட்டர்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 என்ற அமெச்சூர் வானொலிக் கருவியை வைத்திருக்கும் திருவாரூர் நண்பர் ஒருவர், அது அனுப்பும் ஆற்றலை அளக்க வாட் மீட்டர் வாங்குவதா, என்னைப் போல் வீட்டிலேயே செய்துகொள்வதா என்று சென்ற வாரம் கேட்டார். எனது டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக, அனுப்பும் ஆற்றலை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர் சுமை) அளக்கும் டையோடு எரிந்து, வேறொன்றைப் பொருத்திய கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகக் கோத்தால் டிரான்ஸ்மிட்டர் எதிர்பார்க்கும் 50 ஓம் கிடைக்கும் என்பது இத்துறையில் இருப்போருக்குத் தெரிந்ததுதான். கம்பி சுற்றியவை மட்டும் வேண்டாம். அவை காயிலாக வேலை செய்துவிடும். பெட்டிதான் எனது பெருமை. தாத்தாவின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தில் பாக்கு அறையில் ரெசிஸ்டர்களும், சுண்ணாம்பு அறையில், ரேடியோ அலையின் உச்சத்தை மல்டிமீட்டர் படிக்கும் நேர் மின்னழுத்தமாக மாற்றும் 1என்34ஏ ஜெர்மானியம் டையோடும் இருக்கின்றன. பித்தளையில் சால்டர் அருமையாகப் பிடிக்கிறது. அறைச் சுவரே ரேடியோ அலையைத் தடுப்பதால் மல்டிமீட்டரின் எண்கள் துள்ளுவதில்லை. (பொங்கலுக்கு முன் வீட்டில் இதையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டதில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியது தனிக்கதை.)

அந்தச் சுவர்தான் என்னை ஓராண்டு அலைக்கழித்தது. 7 வாட்டுக்கு உச்ச மின்னழுத்தம் 26.5 வோல்ட், டையோடின் பங்கு போக மீட்டர் 26.2 காட்ட வேண்டும். கார்த்திகை விடியற்காலையில் அப்படியே காட்டும். சித்திரை மதியத்திலோ, தொடர்ந்து அனுப்பிய இரண்டு மூன்று நிமிடங்களில் எண் இறங்கி 25-ஐ நெருங்கிவிடும். பழியை டிரான்ஸ்மிட்டர் மேல் போட்டு, ஆற்றலைப் பெருக்கும் இறுதி நிலையில், ஒரு குற்றமும் செய்யாத ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்கள் இரண்டை மாற்றினேன். ஒருநாள் எரிச்சலில் சுண்ணாம்பு அறையின் மேல் ஈரத்துணியைப் போட்டேன். எண் மெல்ல ஏறியது. பக்கத்து அறையில் எரியும் 7 வாட்டின் சூட்டைப் பித்தளை அப்படியே கடத்த, சூடேறிய ஜெர்மானியம் பின்பக்கமாகக் கசிந்திருக்கிறது.

டையோடு எரிந்தது மட்டும் என் தவறு. இறுதி நிலைக்கு மின்னழுத்தத்தைக் கூட்டி 10 வாட்டைத் தாண்டினேன். அப்போது டையோடின் மேல் தலைகீழாக விழுவது உச்சத்தின் இரு மடங்கு, அதாவது 63 வோல்ட்டுக்கு மேல், அதன் வரம்போ 60. இப்போது இருக்கும் சிலிக்கான் 1என்4148, 75 வோல்ட் வரை தாங்கும், சூட்டையும் அதிகம் பொருட்படுத்தாது. ஆனால் 10 மில்லிவாட்டில் உச்சமே ஒரு வோல்ட்தான். அதில் பாதியை இதுவே விழுங்கிவிடுவதால், சில மில்லிவாட்டே தரும் ஆசிலேட்டரை (அலையை உருவாக்கும் சுற்று) சோதிக்க இனி உதவாது. முக்கியமாக அதற்குத்தான் நான் இதைச் செய்தேன்.

நண்பரிடம் கடையில் வாங்கிவிடும்படி சொல்லிவிட்டேன். தஞ்சாவூருக்குப் போகும்போது நான் நான்கைந்து ஜெர்மானியம் டையோடுகள் வாங்கி வரவேண்டும். இம்முறை அவற்றுக்கு வெற்றிலை அறையின் கடைசி மூலை.