அகப்பைக் காம்பு நட்ட இடம்: ஸ்காபரோவில் ஆறு வருடம் வளர்த்த குட்டிச் செடிகள்

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தியின் மகன் கனடாவில், பிரம்டனில் வீடு வாங்கியிருக்கிறான். "முன்பக்கத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்காம், தேனீ, வண்ணாத்திப்பூச்சி வாற மாதிரி அந்த நாட்டுச் செடி ஏதும் வைக்கவேணுமாம், நீர் அங்கே ஆறு வருஷம் மண் கிளறின ஆள்தானே, சொல்லும்" என்று போன கிழமை கேட்டாள். கோயில் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை இது, அதனால் எழுதுகிறேன்.

2017 முதல் 2023 வரை மகளோடு ஸ்காபரோவில் இருந்தேன். கார் விடுகிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம். அந்த மண்ணுக்கே உரிய, இரண்டு அடிக்குள் நிற்கிற, பனிக்காலத்தில் மேலே பட்டுப்போய் வேரிலிருந்து திரும்ப முளைக்கிற செடிகளாகப் பார்த்து மூன்று வகை வைத்தேன். நொடிங் அனியன் என்கிற தலை தொங்கும் வெங்காயம், பேர்ப்பிள் டோம் என்று விற்கிற கட்டை அஸ்டர், பட்டர்பிளை வீட்.

வெங்காயத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தாளுக்கு என்ன சொல்வது. கிள்ளினால் மணக்கும், யூலையில் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தலைகுனிந்து நிற்கும், பக்கத்து வீட்டுச் செடியெல்லாம் தின்கிற முயல் இதை ஒருநாளும் தொட்டதில்லை.

அஸ்டர் பொன். செப்டெம்பரில் மற்றதெல்லாம் ஓய்கிற நேரம் ஒன்றரை அடி உயரத்தில் ஊதாக் குடை விரிக்கும். ஒக்டோபர் விடியலில் போய்ப் பார்த்தால் மயிர் அடர்ந்த கொழுத்த பம்பிள் பீ என்கிற தேனீக்கள் பூவிலேயே ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று விரலைக் கிட்டக் கொண்டுபோனால், நடுக்கால் ஒன்றை மெதுவாகத் தூக்கிக் காட்டும், "கிட்ட வராதே" என்று. வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் பறக்கும். அந்தக் கூட்டத்தில் புது இராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியே படுத்துப் பனிக்காலத்தைத் தாண்டும், மற்றதெல்லாம் செத்துப்போகும். படுக்கப்போக முதல் அவை வயிறு நிரப்புவது இப்படிப் பிந்திப் பூக்கிற பூக்களில்தான். இதைத் தெரிந்த பிறகு ஒக்டோபரில் அந்தச் செடியில் ஒரு பூக் கிள்ளவும் எனக்கு மனம் வந்ததில்லை, சாமிக்குக்கூட.

சரி, இனி அந்தச் சனியன்.

பட்டர்பிளை வீட் எங்கள் எருக்கலையின் இனத்தாள், ஆனால் ஒடித்தால் பால் வராது. 2018 மே மாதம் மூன்று சட்டி வாங்கி வைத்தேன். அடுத்த வசந்தத்தில் வெங்காயம் ஏப்ரலிலேயே தலைகாட்டிவிட்டது, அஸ்டர் மே நடுவில் சாண் உயரம், இதன் இடம் மட்டும் வெறும் மண். இருபதாம் திகதி வரை பொறுத்தேன். பிறகு, செத்த செடிக்கு ஏன் இடம் என்று மண்கிளறியைக் குத்திப் புரட்டினேன், கரட் மாதிரிக் கிழங்கு வேர் ஒன்று டக் என்று முறிந்து வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம், மேல் நுனியில் நெல்மணி அளவில் இரண்டு குருத்து. உயிரோடு இருந்ததை நானே கொன்றேன். மற்ற இரண்டும் யூன் முதல் கிழமை சாவகாசமாக எழுந்து வந்தன. மண் நன்றாகச் சூடேறாமல் அது வெளியே வராதாம். இதை விற்கிறவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சட்டியில் குத்தியிருந்த அட்டையிலும் இல்லை.

இடம் தெரியட்டும் என்று உடைந்த அகப்பைக் காம்புகள் இரண்டைப் பக்கத்தில் நட்டுவைத்தேன். அதன் பிறகும் ஒவ்வொரு மே மாதமும் அதே வயிற்றெரிச்சல். இடம் மாற்றவும் முடியாது, ஆணிவேர் ஆழம் போய்விடும், அறுந்தால் போச்சு. விதை போடுவதென்றால் ஈரக் கடதாசியில் சுற்றி ஒரு மாதத்துக்கு மேல் பிரிட்ஜில் வைக்கவேணும், முளைத்தாலும் பூக்க இரண்டு மூன்று வருடம். ஒரு பூச்செடிக்கு இவ்வளவு எடுப்பா?

மொனாக் வண்ணாத்திப்பூச்சி முட்டையிடும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஆறு வருடத்தில் நான் கண்டது மூன்று புழு. தேன் குடிக்க மட்டும் நன்றாக வரும், முட்டைக்கு இதே இனத்து மற்ற மில்க்வீட் செடிகளைத்தான் கூடுதலாகத் தேடிப்போகும். இதில் தவறாமல் வந்தது மஞ்சள் அழுக்கணவன், சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சி. கறுத்தக் காலோடு தண்டு முழுக்க அப்பிக்கொண்டிருக்கும். அங்கே நின்று அதைப் பார்த்தபோது எங்கள் ஒழுங்கை எருக்கலைதான் நினைவுக்கு வந்தது, அதே மஞ்சள், அதே கறுத்தக் கால்.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. பூத்து முடிந்த தண்டுகளை வெட்டாமல் பனிக்காலம் முழுக்க விடவேணும், சில சின்னத் தேனீக்கள் காய்ந்த தண்டுக்குள்தான் குடியிருக்கும். விடிய எழும்பி முற்றம் கூட்டாவிட்டால் மூதேவி வருவாள் என்று வளர்க்கப்பட்டவள் நான். ஐந்து மாதம் அந்தக் காய்ந்த தடிகளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனேன், கை துடிக்கும்.

இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். ஒழுங்கை முடக்கில் யாரும் வைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத, வருடம் ஒருமுறை வெட்டி எறிகிற எருக்கலையில் நேற்றும் ஐந்து புழு எண்ணினேன். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி. மொனாக்குக்குப் பங்காளிதான், ஆனால் இதற்கு முதுகில் மூன்று சோடி கொம்பு, மொனாக் புழுவுக்கு இரண்டு சோடி. ஆறு வருடம் காசு செலவழித்துப் பார்க்காததை இங்கே சும்மா பார்க்கிறேன், கோபம் வராமல் என்ன செய்யும்.

ஆனபடியால் சிநேகிதிக்குச் சொல்லிவிட்டேன்: அஸ்டர் வைக்கச் சொல்லும், வெங்காயம் வைக்கச் சொல்லும், அந்த மூன்றாவதை வைக்கவே வேண்டாம். "அப்ப அது ஒரு வடிவும் இல்லையோ?" என்றாள். யூலை வெயிலில் அந்தத் தோடம்பழ நிறத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். மகளின் பிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் விதை கொஞ்சம் கிடக்கிறது, அவளின் மகனைப் போய் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை மகள் வாட்ஸ்அப்பில் படம் போட்டாள். வெறும் மண், நடுவில் இரண்டு காம்பு. "அம்மா, இந்த முறை உண்மையாகவே செத்துப்போச்சு."

யூன் பத்து வரைக்கும் அதில் ஒருத்தரும் கைவைக்கக்கூடாது என்று பதில் போட்டேன்.