பிராக் பழைய நகரம்: எந்த நடையை எடுப்பது?

செக் குடியரசின் தலைநகர் பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில், நகர மண்டபத்துச் சுவரை ஒட்டித் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட 27 பேருக்காக. முதல் தடவை போனபோது நான் அந்தச் சிலுவைகள் மேலேயேதான் நின்றிருக்கிறேன். கைடு அதைப் பற்றிச் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் சுற்றி முப்பது பேர். குனிந்து பார்க்க இடமில்லை. அடுத்த தடவை எட்டுப் பேர் கொண்ட குழுவில் போனேன். கைடு எங்களை ஓரமாக நிறுத்தி, கல்லைக் காட்டி, அந்த 27 பேரில் ஒருவரான யெசேனியஸ் என்ற மருத்துவரின் கதையைச் சொன்னார். 1600இல் இதே நகரத்தில் ஊரார் பார்க்க மனித உடலை அறுத்து உடற்கூறு விளக்கியவர். ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக நாக்கை அறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டினார்கள். இடம் அதேதான், கல்லும் அதேதான். கூட்டம் குறைந்ததும் கதை முழுசாகக் கிடைத்தது.

பழைய நகரத்தை நடந்து பார்க்க மூன்று வழி: கைடோடு ‘இலவச’ நடை, ஹெட்போனோடு தனி நடை, கட்டணம் கட்டிச் சிறு குழு நடை. முதலில் ‘இலவச’ நடை. வண்ணக் குடை பிடித்து நிற்பவரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம், இரண்டு இரண்டரை மணி நேரம், முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம். கைடுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, டிப்ஸ்தான் வருமானம். பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்கு அவரே கட்டவும் வேண்டும். அதனால் கும்பலைச் சிறிதாக வைக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் நழுவிவிடாமல் கௌரவமாக ஒரு தொகை கொடுங்கள். அது அவருடைய அன்றைய கூலி.

ஊரின் திசை பிடிபட இது நல்ல வழி. ஆனால் கும்பலைக் கட்டிவைக்கச் சுவையான கதை வேண்டியிருக்கிறது, கதை உண்மையை ஓரம் தள்ளிவிடுகிறது. நகர மண்டபச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்ணை நகரத்தார் குருடாக்கினார்கள் என்று என் குழுவில் அடித்துச் சொன்னார்கள். கடிகாரம் 1410இல் காதான் ஊர் மிக்குலாஷ் செய்தது. ஹனுஷ் கதை பின்னாளில் கட்டியது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவரே நல்ல கைடு.

அடுத்தது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக நடப்பது. செலவு குறைவு, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சார்லஸ் பாலத்துக்கு இதுதான் சரி என்பேன். 1357இல் அடிக்கல் நாட்டிய, 516 மீட்டர் நீளப் பாலம், 30 சிலைகள். பகலில் எந்தக் குழுவோடு போனாலும் அடுத்தவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். விடிகாலையில் தனியாகப் போனால், புனிதர் நெப்போமுக் சிலையின் கீழ்ப் பலகத்தில் கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கும் இடத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் கடிகாரத்தடியில் இந்த வழி கைகொடுக்கவில்லை. எலும்புக்கூடு பொம்மை மணியை இழுப்பது, மேலே ஜன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் நகர்வது, சேவல் கூவுவது எல்லாம் ஒரு நிமிஷம்போல முடிந்துவிடும். பதிவுக்குரல் முன்னாலோ பின்னாலோ ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: தனியாகச் சுற்றுபவர்தான் பணம் மாற்றும் கடையில் எளிதாக ஏமாறுவார். கவுன்ட்டரில் மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற சட்டம் 2019 முதல் இருக்கிறது (1,000 யூரோ வரை). ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கட்டணம் கட்டிச் சிறு குழுவில் நடப்பதற்கு என் முழு ஓட்டும் யோசெஃபோவ் என்ற பழைய யூதக் குடியிருப்புக்காக. இலவச நடையில் அங்கே தெருவோடு நின்று விளக்கம் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். உள்ளே போனால்தான் விஷயம். பழைய கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1439 முதல் 1787 வரை இடம் போதாமல் அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். சில இடங்களில் 12 அடுக்கு வரை என்கிறார்கள். பக்கத்து பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க, நாஜிகள் கொன்ற, செக் நாட்டுப் பகுதிகளான பொஹிமியா, மொராவியாவின் யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், கையால் எழுதியவை. 1950களில் எழுதிய அந்தப் பெயர்கள் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அழிந்துபோய், 1990களில் மறுபடி எழுதப்பட்டன. எங்கள் கைடு இதைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. மாடியில் நாஜிகளின் தெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அங்கேயும் கேட்டால் மட்டும்தான் பதில் சொன்னார். காசு கொடுத்ததற்கு அந்த அமைதியும் சேர்த்திதான்.

பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அதிகபட்சம் எத்தனை பேர், உள்ளே போகும் டிக்கெட் சேர்த்தியா. பத்துப் பேருக்கு மேல் என்றால் கட்டண நடைக்கும் இலவச நடைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும்.

கையில் ஒரு நாள்தான் என்றால், காலை ஆறு மணிக்குப் பாலம் தனியாக, பிறகு சிறு குழுவில் சதுக்கமும் யோசெஃபோவும். இரண்டு நாள் இருந்து பணம் இறுக்கம் என்றால் முதல் நாள் இலவச நடை, மறுநாள் யோசெஃபோவுக்கு மட்டும் கைடு. கல்லறைத் தோட்டமும் பிங்காஸ் கூடமும் அடங்கிய யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. உங்களுக்குக் கிடைத்த ஒரே நாள் அதுவானால் சதுக்கத்தையும் பாலத்தையும் ஆற அமரப் பாருங்கள், கல்லறைத் தோட்டத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததாகக் கணக்கு வைக்காமல் அடுத்த தடவைக்கு விட்டுவையுங்கள்.