டிசபிலிட்டி பென்ஷன் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள்

முதுகுத்தண்டு ஜவ்வு விலகல், முதுகெலும்புத் தேய்மானம் ஆகிய காரணங்களுக்காக டிசபிலிட்டி பென்ஷன் (ராணுவப் பணியால் உண்டான உடல் பாதிப்புக்குத் தரப்படும் பென்ஷன்) கேட்டு, அது நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்கு யாரை அணுகுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் முன்னாள் படைவீரர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தினருக்காகவும் இதை எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் பல உண்டு. அத்தகைய ஊர்களைத் தேடிவந்து ஆள் பிடிக்கும் ஒரு தனியார் பென்ஷன் ஆலோசனை அலுவலகம் என் அண்ணனை ஏமாற்றியது.

அண்ணன் ராணுவத்தில் கனரக வாகன ஓட்டுநராக இருந்தவர். லடாக்கிலும் வடகிழக்கிலும் மலைச்சாலைகளில் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர். 2016-இல் அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது அவரைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு, இடுப்புப் பகுதி ஜவ்வு விலகலால் ஏற்பட்ட பாதிப்பை ஆயுள் முழுமைக்கும் 20 சதவீதம் என மதிப்பிட்டது. ஆனால் அந்த நோய் பணியால் உண்டானதும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று அதே போர்டு எழுதிவிட்டது. வலி முதன்முதலில் பதிவானது அமைதிப் பகுதியில் (எல்லையோ களமோ அல்லாத சாதாரண முகாமில்) இருந்தபோது என்ற ஒரே வரிதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் இருப்பதோடு, பணியோடு அதற்குள்ள தொடர்பும் ஏற்கப்பட்டால்தான் இந்தப் பென்ஷன் கிடைக்கும் என்பதால், அந்த ஒரு வரியால் அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அந்த அலுவலகத்தார் வீடு தேடி வந்து, வெற்றி நிச்சயம் என்றார்கள். முன்பணமும், கிடைக்கப்போகும் நிலுவைத் தொகையில் நான்கில் ஒரு பங்கும் கேட்டார்கள். தொகை நிரப்பாத காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு நகல் உட்பட எல்லாவற்றையும் எடுத்துச் சென்றார்கள். தங்கள் வழக்கறிஞர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றார்களே தவிர, அந்த வழக்கறிஞரை அண்ணன் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. ஆகவே சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்பவர் வழக்கறிஞராக இருந்தால் விதியை மீறுகிறார். வழக்கறிஞர் இல்லையென்றால் உங்களுக்காக வாதாடும் உரிமையே அவருக்கு இல்லை.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டை அனுப்ப வேண்டும். அதுவும் நிராகரிக்கப்பட்டால் மேலும் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீடு. முதல் மேல்முறையீட்டை அவர்கள் அனுப்பினார்கள். அதன் நகலைப் பின்னாளில் பார்த்தபோதுதான், வேறு யாருக்கோ தயாரித்த ஒரு பக்க மனுவில் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றியிருந்தது தெரிந்தது. ஓரிடத்தில் நோய் ரத்தக்கொதிப்பு என்றே இருந்தது. அண்ணன் பணியாற்றிய இடங்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நிராகரிப்புக் கடிதம் அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்கே போனது. அதை எங்களிடம் காட்டாமல், டெல்லியில் ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார்கள். இரண்டாவது மேல்முறையீட்டுக்கான கெடு இப்படித்தான் கடந்துபோனது.

இந்தத் தாமதத்தால் எவ்வளவு இழப்பு என்பதைப் பலரும் உணர்வதில்லை. மாதந்தோறும் வர வேண்டிய பென்ஷன் என்பதால் காலம் கடந்தாலும் உரிமை அழிந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமதமாக வருபவருக்கு வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவையே கிடைக்கும் என்று வரையறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். நூறு சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 20 சதவீதப் பாதிப்புக்கு 6 சதவீதம் வரும். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் அந்த 20-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால், கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம் ஆகிறது. இத்தனை பெரிய தொகையை மாதாமாதம் இழக்கச் செய்தவர்கள்தான் அண்ணனிடம் கட்டணமும் வாங்கினார்கள். (2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதன்பின் ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

முதுகுத்தண்டு வழக்கில் வாதிட வேண்டியவை ஏராளமாக இருந்தன என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வேதனை. ராணுவத்தில் சேரும்போது நடந்த பரிசோதனையில் குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னர் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், அப்படியல்ல என்று கருதும் மெடிக்கல் போர்டு அதற்குரிய காரணங்களை எழுத வேண்டும் என்றும் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. எனவே மேல்முறையீட்டு மனுவில், சேர்ந்த நாளின் மருத்துவ நிலை, களப்பகுதியிலும் உயரமான மலைப்பகுதியிலும் இருந்த காலங்கள், சுமை தூக்கிய, வண்டி ஓட்டிய பணியின் தன்மை, மருத்துவமனையில் சேர்ந்த நாட்கள், மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) குறைக்கப்பட்ட நாள் ஆகியவற்றை வரிசையாக வைத்து, போர்டு எழுதிய அந்த ஒற்றை வரிக்கு நேரடியாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை; மலைச்சாலையில் பல ஆண்டுகள் குலுங்கிய முதுகு, வலியை அமைதிப் பகுதிக்கு வந்தபிறகு வெளிக்காட்டியது என்பதாலேயே அந்த ஆண்டுகள் இல்லாமல் போய்விடாது.

இந்த ஆவணங்களைப் பெற எந்த இடைத்தரகரும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில், படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பித்து மெடிக்கல் போர்டு ஆவணத்தின் முழு நகலையும் நாங்கள் பெற்றோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், ஒரு பைசா வாங்காமல், மனு எழுத வழிகாட்டினார்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் விளக்கத்தோடு இரண்டாவது மேல்முறையீட்டை அனுப்பினோம். ஆறு மாதமாகியும் முடிவு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம் என்று சட்டம் சொல்வதால், இப்போது வழக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இருக்கிறது. அண்ணனே நேரில் பார்த்துப் பேசிய வழக்கறிஞர், நிலையான கட்டணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நடத்துகிறார்.

ஏற்கெனவே இத்தகையவர்களிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள், முதலில் வங்கிக்குச் சென்று அந்தக் காசோலைகளின் எண்களைக் கொடுத்துப் பணம் வழங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். அசல் ஆவணங்களைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் அந்தக் கடிதத்தோடு காவல்துறையில் புகார் கொடுங்கள். உங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ரெக்கார்ட் ஆபீசிலும், ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலும் நீங்களே சரிபாருங்கள், ஏனெனில் அடுத்த நிராகரிப்புக் கடிதம் எந்த வாசலுக்குப் போகிறதோ, ஆறு மாதக் கெடுவும் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.