அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வெப்சைட்: ஓசியில இவ்ளோவா!

நெட்சாய்ஸ்ங்கற டெக் கம்பெனிகள் சங்கத்தோட கேஸுக்காகத்தான் உள்ள போனேன், அதாங்க ஃபேஸ்புக், யூடியூப்லாம் இஷ்டத்துக்கு போஸ்ட்டைத் தூக்கக் கூடாதுன்னு ஃப்ளோரிடாவும் டெக்ஸாஸும் 2021ல சட்டம் போட்டுச்சே, அதை எதிர்த்துப் போட்ட கேஸ். 2024 பிப்ரவரி 26 வாதம் ஆடியோவா கிடக்கு, ட்ரான்ஸ்கிரிப்ட்டும் இருக்கு, லாகின் கிடையாது, காசும் கிடையாது. வீடியோ மட்டும் தேடாதீங்க, கோர்ட்டுக்குள்ள கேமராவே விட மாட்டாங்க. ஜூலை 1 தீர்ப்போட பிடிஎஃப் நீளம்தான், ஆனா முன்னாடி இருக்கற சுருக்கத்தைப் படிச்சாலே மேட்டர் புரிஞ்சுடும்: சட்டம் முழுசா எங்கெங்க பாயும்னு கீழ்க்கோர்ட் ரெண்டும் சரியா பாக்கல, திரும்ப விசாரிங்கன்னு நீதிபதி எலினா கேகன் அனுப்பிட்டாங்க, கூடவே எந்த போஸ்ட் வரணும்னு கம்பெனிங்க ஃபீடை அடுக்குறதும் பேச்சுரிமைல வரும்னு ஒரு குட்டு வேற, செம்ம! தேடுறவங்க ஃப்ளோரிடா கேஸுக்கு 22-277னு டாக்கெட் நம்பரை, அதாவது கேஸ் நம்பரைப் போடுங்க, டெக்ஸாஸ் கேஸுக்கு 22-555.