‘ஸ்னோ கேரண்டி’ பேக்கேஜ்: நாலு ஊருக்கும் ஒரே பனியா?

தை மாத புக்கிங்குக்காக புதுச்சேரி, கடலூர் டிராவல்ஸ்களில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. ஐந்து இரவு, ஆறு பகல், சென்னையிலிருந்து விமானம். குல்மார்க், மணாலி, லே, சிக்கிம் நான்கில் எதை எடுத்தாலும் தலைக்கு ஒரே கட்டணம், நான்குக்கும் ‘ஸ்னோ கேரண்டி’. அடியில் பொடி எழுத்தில் ‘ஊட்டி பனி சுற்றுலா, 2 நாள்’. ஹோட்டல், சாப்பாட்டுப் பேச்சை இங்கே விட்டுவிடலாம். தாளில் உள்ள பனிக் கணக்கு மட்டும் சரியா என்று பார்ப்போம்.

கடலூரில் கொட்டுகிற ஐப்பசி மழை திட்டக்குடிக்குப் போகும்போது இளைத்துவிடுவது நமக்குத் தெரியும். இமயமலைப் பனியும் அதே மாதிரிதான், திசை மட்டும் வேறு. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்ற மழைச் சுழல்கள்தான் அங்கே ஈரத்தைக் கொண்டு வருகின்றன. முதலில் எதிர்ப்படும் காஷ்மீருக்குப் பெரும்பங்கு. இமாச்சலம், உத்தராகண்ட் என்று கிழக்கே போகப்போக வேகம் குறையும்.

நான்கில் பட்டியலிலிருந்து முதலில் நீக்க வேண்டியது லடாக்கின் லே. 3,500 மீட்டர் உயரம், ஜனவரி இரவில் மைனஸ் 15 வரை போகும் குளிர். பனி மட்டும் சொற்பம். ஈரத்தையெல்லாம் முன்னால் நிற்கும் மலைத்தொடர்கள் கறந்துவிடுகின்றன. கேரளாவில் கொட்டிவிட்டு கோவைப் பக்கம் வெறுங்காற்றாக வருமே தென்மேற்குப் பருவக்காற்று, அதே கதை. ஆண்டு முழுக்க மழையும் பனியும் சேர்த்தே லேவில் சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஐப்பசியில் கடலூருக்கு அது ஒரு ராத்திரி வேலை. அதே லடாக்கில் ஜோஜிலா கணவாயை ஒட்டிய திராஸில் பனி மூடிக் கிடக்கும், ஆனால் நோட்டீஸில் திராஸ் இல்லை. போதாக்குறைக்கு, கடல் மட்டத்தில் இருப்பவரை ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு ஏற்றி, அன்று மாலையே ‘லோக்கல் சைட்சீயிங்’ என்று போட்டிருக்கிறார்கள். தலைவலி, வாந்தி என்று படுக்கத்தான் வைக்கும். முதல் ஒன்றரை இரண்டு நாள் அறையில் ஓய்வு என்று எழுதாத லே பேக்கேஜை வாங்கவே கூடாது.

நான்கில் காசுக்குப் பழுதில்லாதது குல்மார்க். பீர் பஞ்சால் மலையில் 2,650 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். 1,585 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரில் 3 டிகிரியில் மழை தூறினால், குல்மார்க்கில் அது மைனஸ் 4. அதே மேகம் அங்கே பனியாக இறங்கும். புதுப்பனி 10 சென்டிமீட்டர் உருகினால் தோராயமாக 1 சென்டிமீட்டர் தண்ணீர். அதாவது மஞ்சக்குப்பத்தில் ஒரே இரவில் பெய்யும் 10 சென்டிமீட்டர் மழை பனியாக விழுந்தால் ஒரு மீட்டர், நம் இடுப்பளவு.

ஆனால் ‘கேரண்டி’ என்ற சொல் குல்மார்க்குக்கும் ஒட்டாது. மேற்கத்திய இடையூறு வராவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் வெறும் காய்ந்த புல்தான். 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை அப்படித்தான் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். காஷ்மீரிகள் ‘சில்லே கலான்’ என்று சொல்லும் கடுங்குளிர் 40 நாள் டிசம்பர் 21-ல் தொடங்குகிறது. நோட்டீஸில் உள்ள தேதிகளில் பொங்கல் விடுமுறையைவிட ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதி மேல். அதற்குள் நாலைந்து இடையூறாவது வந்து போக வாய்ப்புண்டு, விழுந்த பனியும் தங்கியிருக்கும்.

‘கொண்டோலா உட்பட’ என்பதையும் கிளறிக் கேளுங்கள். ரோப் காருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாவது 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வட் வரை. கட்டணத்தில் பெரும்பாலும் முதல் கட்டம் மட்டுமே அடங்கும். காற்று பலமாக இருந்தால் இரண்டாவதை நிறுத்திவிடுவார்கள்.

மணாலி தாளில் பச்சைப் பொய் ஒன்று இருக்கிறது: ஜனவரியில் ‘ரோதங் பாஸ்’. 3,978 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடிக் கிடக்கும். உண்மையில் கூட்டிப் போவது 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌலில் உள்ள சிஸ்ஸூவுக்கு. அது மோசமில்லை, சுமார் 2,050 மீட்டரில் இருக்கும் மணாலி டவுனில் பனி உருகிச் சேறாகும் நாளிலும், சிஸ்ஸூவில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். அதை அதே பெயரில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? பனி அதிகமானால் சுரங்கப்பாதைக்கு முன்பே வண்டிகளைத் திருப்பிவிடுவதும் உண்டு. அன்றைக்கு மணாலிக்குப் பக்கத்து சோலாங் பள்ளத்தாக்கோடு திரும்ப வேண்டியதுதான்.

சிக்கிமுக்கு ஜனவரி தேவையில்லை. காஷ்மீரைவிடத் தெற்கே இருப்பதால் பனி மேலே ஏறி நிற்கும். காங்டாக் டவுனில் எதிர்பார்க்காதீர்கள். சோம்கோ ஏரி, 4,310 மீட்டர் உயர நாதுலா கணவாய்ப் பக்கம் போனால்தான் உண்டு, அது மார்ச்சிலும் கிடைக்கும். நாதுலா திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், பெர்மிட் முன்கூட்டியே எடுக்க வேண்டும். நோட்டீஸின் நான்காம் நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்று காலண்டரைப் பாருங்கள்.

ஊட்டியில் விழுவது உறைபனி. மார்கழிப் பனி, மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு எல்லாவற்றுக்கும் நம்மிடம் ‘பனி’ ஒரே சொல்லாக இருப்பது டிராவல்ஸ்காரருக்கு வசதி. பனிப்பொழிவுக்கு மேகம் வேண்டும். உறைபனிக்கு மேகமே கூடாது. தெளிந்த இரவில் தரை வெப்பம் வெளியேறினால்தான் காந்தல், தலைகுந்தா புல்வெளிகள் வெளுக்கும். வெயில் ஏறினால் போச்சு. காலை 10 மணிக்கு ஊட்டி சேரும் இந்த அட்டவணைக்கு ஈரப்புல்தான் மிச்சம்.

துணிமணிப் பட்டியல் ‘ஸ்வெட்டர், குல்லா’வோடு முடிகிறது. காட்டன் பனியன் வியர்வையைக் குடித்துவிட்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே நீர் புகாத கோட்டு. கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். ஜம்மு காஷ்மீரில் நம் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

கடைசியாக, திரும்பும் நாள். குல்மார்க் பேக்கேஜில், ஸ்ரீநகரில் காலை கிளம்பி, டெல்லியில் இரண்டு மணி நேர இடைவெளியில் சென்னை விமானம் என்று போட்டிருக்கிறார்கள். ஸ்ரீநகரில் பனி, டெல்லியில் மூடுபனி, எது வந்தாலும் இணைப்பு அறும். ‘இயற்கைக் காரணங்களுக்குப் பொறுப்பல்ல’ என்று பின்பக்கம் அச்சாகியிருப்பதால் புது டிக்கெட் உங்கள் செலவு. டெல்லியிலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். ஒரு நாள் கூட்டி ஏழு பகலாக மாற்றித் தரச் சொல்லி, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.